அப்பாவுக்கா, ஆராய்ச்சிக்கா? நிதி திரட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அம்மாவுக்கோ அப்பாவுக்கோ புற்றுநோய் என்று தெரிந்ததும், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாமல் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டக் கிளம்பும் பிள்ளைகள் பலர் என்னிடம் யோசனை கேட்டு வருகிறார்கள். நடைப்பயணம், ஓட்டம், இசை நிகழ்ச்சி என்று வழிகள் மாறுகின்றன; தவறுகள் மாறுவதில்லை. என் அம்மா படுத்திருந்த காலத்தில் நாங்கள் சறுக்கிய அதே இடங்களில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள். கணக்கு எண்ணைச் சரிபாருங்கள், போலி அமைப்புகளிடம் ஏமாறாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. அவற்றை விட்டுவிடுகிறேன்.

'அப்பாவைக் காப்பாற்றுங்கள்' என்று கேட்டுவிட்டு ஆராய்ச்சிக்கு அனுப்புவது

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. வேண்டுகோளின் தலையில் அப்பாவின் படம். கீழே, 'எங்கள் அப்பா உயிருக்குப் போராடுகிறார், உதவுங்கள்' என்று ஒரு வரி. பணம் எங்கே போகிறது என்பது மட்டும் கடைசிப் பத்தியில், அதுவும் பாதி வாக்கியத்தில். அதுவரை யார் படிக்கிறார்கள்? படத்தைப் பார்த்து மனம் இளகி, அந்த மனிதரின் சிகிச்சைக்குத்தான் கொடுக்கிறோம் என்று நம்பியே அனுப்புகிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் இப்படித்தான் கேட்டார். அவருடைய அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். அவர் மனதில் கள்ளம் கிடையாது. திரட்டியதைக் காசு குறையாமல் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்துக்குச் சேர்த்தார். கொடுத்தவர்களுக்கு நிறுவனத்திடமிருந்து ரசீது போனது. பெரியப்பா ரசீதைக் கையில் வைத்துக்கொண்டே தொலைபேசியில் கேட்டார்: "ஏனம்மா, மருத்துவமனையின் பெயரே இதில் இல்லையே?" அடுத்தடுத்து அலுவலக நண்பர்கள், பழைய வகுப்புத் தோழர்கள் என்று எல்லோரும் அதையே கேட்டார்கள். சிலர் கேட்காமலேயே பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

இதற்கிடையில் சிகிச்சைச் செலவு கைமீறிப் போனது. உண்மையிலேயே அப்பாவுக்காகக் கேட்க வேண்டிய நேரம் வந்தபோது, "ஏற்கெனவே கொடுத்தோமே" என்ற பதில்தான் வந்தது. ஆராய்ச்சிக்குப் போன பணம் போனதுதான். அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய மாலைகளை அந்தப் பெண் விளக்கக் கடிதம் எழுதியே கழித்தார். அந்த மாலைகளை யாராலும் திருப்பித் தர முடியாது. முதல் வரியைச் சரியாக எழுதியிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது.

ஆராய்ச்சிப் பணம் எவ்வளவு காலம் கழித்துப் பலன் தருகிறது என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நோய் எதிர்ப்பு அணுக்களுக்குப் போடப்பட்டிருக்கும் ஒரு தடையை நீக்கினால் அவை புற்றுக்கட்டியைத் தாக்கும் என்று அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் அலிசன் குழுவினர் எலிகளில் காட்டிய ஆய்வு 1996இல் வெளியானது. அந்த வழியில் உருவான இப்பிலிமுமாப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது 2011இல். நடுவில் 15 ஆண்டுகள். அலிசனுக்கு 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஆராய்ச்சியால் இன்று பலர் உயிரோடு இருக்கிறார்கள். ஆனால் 1996இல் அதற்காகப் பணம் கொடுத்த ஒருவரின் தந்தை அப்போதே முற்றிய நிலையில் இருந்திருந்தால், அந்த மருந்து அவருக்கு எட்டியிருக்காது.

உண்மையைச் சொன்னால் யாரும் கொடுக்க மாட்டார்கள் என்று பயப்படுகிறார்கள். அது வீண் பயம். எலும்புப் புற்றுநோயால் 1977இல் வலது காலை இழந்த கனடா இளைஞர் டெர்ரி ஃபாக்ஸ், 1980இல் செயற்கைக் காலோடு கனடாவின் குறுக்கே ஓடத் தொடங்கினார். தன் சிகிச்சைக்காக அவர் கேட்கவில்லை. புற்றுநோய் ஆராய்ச்சிக்கென்றே வெளிப்படையாகக் கேட்டார். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடிய பிறகு, நோய் நுரையீரலுக்குப் பரவியதால் நிறுத்தினார். நாட்டில் ஆளுக்கு ஒரு டாலர் என்பது அவருடைய இலக்கு. 1981 பிப்ரவரியில் அது நிறைவேறியது. அதே ஆண்டு ஜூன் மாதம், 22 வயதில் அவர் இறந்தார்.

எனவே முதல் வரியிலேயே எழுதுங்கள்: 'இந்தப் பணம் எங்கள் அப்பாவின் சிகிச்சைக்கு அல்ல. அவருக்கு வந்த நோயைப் பற்றிய ஆராய்ச்சிக்கு.' அடுத்த வரியில் நிறுவனத்தின் பெயர். பணம் உங்கள் கணக்கைத் தொடாமல் நேரே அங்கே போகட்டும். சிகிச்சைக்கும் பணம் தேவையென்றால் அதற்குத் தனி வேண்டுகோள், தனிக் கணக்கு. இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் சிகிச்சைக்கே கேளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆராய்ச்சிக்கு அடுத்த ஆண்டும் திரட்டலாம்.

ஆராய்ச்சிப் பணத்தை 'இப்போதைக்கு' மருத்துவமனைக்குக் கட்டுவது

கூடாது. எவ்வளவு நெருக்கடி என்றாலும் கூடாது.

நோயாளியைக் கேட்காமல் எழுதுவது

தன் நோய் கல்லீரலுக்குப் பரவிவிட்டது என்பதை, மகன் நண்பர்களுக்கு அனுப்பிய வேண்டுகோளைப் படித்துத் தெரிந்துகொண்ட ஒரு தாயை எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுப் பெண் ஆறுதல் சொல்லும் எண்ணத்தோடு கைப்பேசியை நீட்டியிருக்கிறார். மகன் வீடு திரும்பியபோது, அந்தத் தாய் அதை இன்னொரு முறை படித்துக்கொண்டிருந்தார்.

எழுதியதை முதலில் அவரிடம் படித்துக் காட்டுங்கள். படம் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். மருத்துவ அறிக்கையைப் படமெடுத்துப் போடவே போடாதீர்கள். அதில் பிறந்த தேதி முதல் நோயாளி எண் வரை எல்லாம் இருக்கும்.

கீமோதெரபி அட்டவணையைப் பார்க்காமல் தேதி குறிப்பது

மருந்து ஏற்றிய பிறகு, பெரும்பாலும் 7 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை மிகவும் தாழ்ந்துவிடுகிறது. அந்த நேரத்தில் கூட்டத்துக்கு நடுவே நோயாளியை மேடையேற்றி, வருகிறவர்கள் எல்லோரும் கைகுலுக்கினால் தொற்று வருவதற்கு வேறு காரணம் வேண்டாம். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலே உடனே மருத்துவரை அழைக்க வேண்டிய நிலை அது. தேதி குறிக்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள்.

அந்த ஒரு புற்றுநோய்க்கு மட்டும்தான் என்று பிடிவாதம் பிடிப்பது

பிள்ளைகளின் மனம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஆராய்ச்சி நாம் காட்டும் திசையிலேயே போவதில்லை. 1960களில் அமெரிக்க விஞ்ஞானி பார்னெட் ரோசன்பெர்க் ஆராய்ந்துகொண்டிருந்தது புற்றுநோயை அல்ல. மின்புலம் பாக்டீரியாவை என்ன செய்கிறது என்பதை. பாக்டீரியாக்கள் பிரிந்து பெருகுவதை நிறுத்தின. காரணம் மின்சாரம் அல்ல, மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினம் என்று தெரிந்தது. அதிலிருந்து வந்த சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து 1978இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்று, விரை, சினைப்பை, சிறுநீர்ப்பை, நுரையீரல் எனப் பல புற்றுநோய்களுக்கு இன்றும் கொடுக்கப்படுகிறது. குறிப்பிட்ட நோய்க்கென்று ஒதுக்கலாம். அது முடியாதபோது வேறு அடிப்படை ஆய்வுக்குப் பயன்படுத்த நிறுவனத்துக்கு எழுத்தில் அனுமதியும் கொடுத்துவிடுங்கள்.

மொத்த வசூலை மட்டும் அறிவிப்பது

செலவு போக எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதைச் சொல்லுங்கள்.

அவர் இறந்துவிட்டால் என்ன செய்வது என்று பேசாமல் இருப்பது

கசப்பான பேச்சுதான். இருந்தாலும் தொடங்கும்போதே பேசிவிடுங்கள். நிதி திரட்டல் தொடருமா, அவர் பெயரில் தொடருமா, யார் பொறுப்பு என்பதை, முடிந்தால் அவரையும் உடன் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். குடும்பத்துக்கு வெளியே நம்பகமான ஒருவரிடம் நிதி திரட்டும் பக்கத்தின் கடவுச்சொல் இருக்கட்டும். 'அவர் நலம்பெற உதவுங்கள்' என்று தானாகப் போகும் நினைவூட்டல் செய்திகளை, இறப்பு நேர்ந்த அன்றே அந்த நபர் நிறுத்திவிட வேண்டும்.