மோசடி டொமைனைப் பற்றி யாரிடம், எப்படிப் புகார் செய்வது

"உங்கள் பார்சல் கிடங்கில் நிற்கிறது, முகவரி சரியில்லை, 12 மணி நேரத்துக்குள் இந்த லிங்க்கில் திருத்துங்கள்" என்று தபால் துறை பெயரில் ஓர் எஸ்எம்எஸ் உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ கட்டாயம் வந்திருக்கும். திறந்தால் அச்சு அசல் தபால் துறைப் பக்கம் மாதிரியே இருக்கும், இருபதோ முப்பதோ ரூபாய் கட்டச் சொல்லி கார்டு எண் கேட்கும். நம்மில் பலர் அதை அழித்துவிட்டு வேலையைப் பார்ப்போம், கோபம் வந்தவர்கள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து குடும்ப வாட்ஸப் குழுவில் போடுவார்கள். தளம் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அதை மூட வைக்க வழி இருக்கிறது, புகார் சரியான ஆளிடம் போனால்.

ஒரு விஷயம் முதலில். பணம் ஏற்கெனவே போய்விட்டதென்றால் இதைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள். 1930-க்கு அடியுங்கள், வங்கியில் கார்டை முடக்குங்கள், மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்யுங்கள். டொமைனை, அதாவது தளத்தின் பதிவு செய்யப்பட்ட இணையப் பெயரை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, டொமைன் எது என்று கண்டுபிடிப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். முகவரியில் 'இந்தியாபோஸ்ட்' என்று முன்னால் பெரிதாக இருக்கும், அது வெறும் அலங்காரம். முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் எது முடிகிறதோ அங்கிருந்து வலமிருந்து இடமாகப் படியுங்கள். கடைசியில் 'டாட் டாப்' (.top), அதற்கு முன்னால் ஏதோ பொருளில்லாத ஆறு எழுத்து என்றால், அந்த ஆறெழுத்தும் டாட் டாப்பும் சேர்ந்ததுதான் டொமைன். தபால் துறை பெயர் அதற்கு முன்னால் ஒட்டவைத்த வால்.

அடுத்து, இணையப் பெயர்களை ஒருங்கிணைக்கும் உலக அமைப்பான ஐகானின் லுக்கப் (தேடல்) பக்கத்தில் அந்த டொமைனைப் போட்டுப் பாருங்கள். சொந்தக்காரர் பெயர் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும், 2018-ல் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் வந்ததிலிருந்து அப்படித்தான், அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நமக்கு வேண்டியது மூன்று: ரெஜிஸ்ட்ரார் (டொமைனைப் பதிவு செய்து கொடுத்த நிறுவனம்) யார், அவர்களுடைய அப்யூஸ் (முறைகேட்டுப் புகார்) மின்னஞ்சல் என்ன, டொமைன் எந்தத் தேதியில் பதிவானது.

அந்தத் தேதியைச் சும்மா விடாதீர்கள். நான்கு நாள் முன்னால் பதிவானது என்றால் மோசடிக்கென்றே வாங்கியது, ரெஜிஸ்ட்ராரிடம் போகலாம். எட்டு வருடப் பழைய டொமைன், முகப்பைத் திறந்தால் ஏதோ ஒரு ஊரின் பர்னிச்சர் கடை, மோசடிப் பக்கம் மட்டும் வேர்ட்பிரஸ் ஃபோல்டர் ஒன்றின் அடியில் ஒளிந்திருக்கிறது என்றால், அந்தக் கடைக்காரரும் பாதிக்கப்பட்டவர்தான். டொமைனையே முடக்கினால் அவருடைய கடையும் மின்னஞ்சலும் சேர்ந்து போய்விடும். அங்கே, தளத்தைத் தன் சர்வரில் வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்துக்கும் கடைக்காரருக்கும் சொல்வதுதான் முறை. இலவசத் தளங்களில் துணை டொமைனாக உட்கார்ந்திருந்தால் அந்தச் சேவைக்காரரிடமே புகார் படிவம் இருக்கும்.

ஹோஸ்டிங் யார் என்று தெரிய டொமைனின் ஐபி முகவரியை (சர்வரின் எண் முகவரி) எடுத்து, அதை ஏப்னிக், ரைப், ஆரின் மாதிரியான ஐபி பதிவகத்தில் தேடினால் அப்யூஸ் முகவரி கிடைக்கும். ஐபி கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்துடையது என்று வந்தால் அது பெரும்பாலும் முன்னால் நிற்கும் திரைதான், உண்மையான சர்வர் பின்னால் வேறெங்கோ இருக்கும். அவர்களுடைய அப்யூஸ் படிவத்தில் போட்டால் பின்னாலிருக்கும் ஹோஸ்டிங்காரருக்குத் தகவலைக் கடத்துவார்கள்.

இப்போது மின்னஞ்சல். அந்தப் பக்கம் இருப்பவர் ஒரு நாளில் குவியல் குவியலாகப் புகார் படிப்பவர். "திருட்டுப் பயல்கள், உடனே மூடுங்கள்" என்று ஒரு பக்கம் எழுதினால் அவர் கையில் எதுவும் இருக்காது. ஒரு நிமிடத்தில் அவரே சரிபார்க்கிற மாதிரி எழுத வேண்டும். நான் எழுதுவது ஏறக்குறைய இப்படி, ஆங்கிலத்தில்:

"தலைப்பு: ஃபிஷிங், இன்ன டொமைன். இந்தப் பக்கம் இந்தியத் தபால் துறை போல நடித்து கார்டு விவரங்களைத் திருடுகிறது. முழு முகவரி இது. பார்த்த நேரம் காலை 10:40, இந்திய நேரம், அதாவது யுடிசி 05:10. இந்திய மொபைல் இணைப்பில் மட்டும் திறக்கிறது, கணினியில் வெற்றுப் பக்கம் வருகிறது. தபால் துறையின் உண்மையான தளம் இது. எஸ்எம்எஸ், பக்கம் இரண்டின் ஸ்கிரீன்ஷாட்டும் இணைப்பில்."

அந்த 'மொபைலில் மட்டும்' என்ற வரிக்காகவே புகார் பிழைக்கும். அது இல்லாவிட்டால், வேறு நாட்டில் உட்கார்ந்து கணினியில் திறந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது, "எதுவும் இல்லையே" என்று மூடிவிடுவார். இன்னொன்று, மின்னஞ்சலில் லிங்க்கை அப்படியே போட்டால் உங்கள் புகாரே ஸ்பாம் பெட்டிக்குப் போகலாம். புள்ளியைச் சதுர அடைப்புக்குள் போட்டு உடைத்து எழுதுங்கள். படிவம் என்றால் முழுசாகவே போடலாம். லிங்க்கின் வாலில் உங்கள் போன் எண்ணோ மின்னஞ்சலோ இருந்தால் அதை வெட்டுங்கள். மோசடி மின்னஞ்சலில் வந்திருந்தால் சும்மா ஃபார்வர்டு செய்யாதீர்கள், ஹெடர் (எந்த வழியாக வந்தது என்ற விவரம்) தொலைந்துவிடும், இணைப்பாகச் சேர்த்து அனுப்புங்கள்.

ரெஜிஸ்ட்ராருக்கு அனுப்பிய கையோடு கூகுள் சேஃப் பிரவுசிங்கிலும் மைக்ரோசாஃப்டிலும் போட்டுவிடுங்கள். தளம் மூடப்படுவதற்கு முன்பே பிரவுசரில் சிவப்பு எச்சரிக்கை வந்துவிட்டால் பாதிக் கூட்டம் அங்கேயே திரும்பிவிடும், எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம். எஸ்எம்எஸ்ஸைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள சக்ஷு பகுதியில் கொடுக்கலாம்.

ரெஜிஸ்ட்ரார் கண்டுகொள்ளவில்லையா? 2024 ஏப்ரல் 5-லிருந்து, ரெஜிஸ்ட்ரார்களோடு ஐகான் போடும் ஒப்பந்தம் மாறியிருக்கிறது. ஃபிஷிங், மால்வேர் (தீங்கு மென்பொருள்), பாட்நெட் (களவாகக் கைப்பற்றிய கணினிகளின் கூட்டம்) போன்றவற்றுக்கு உருப்படியான ஆதாரம் கொடுத்தால் ரெஜிஸ்ட்ரார் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும், புகார் கிடைத்ததென்று பதிலும் தர வேண்டும். செய்யாவிட்டால் ஐகானின் இணக்கப் பிரிவில் புகார் செய்யலாம். தளத்தை ஐகான் மூடாது, ரெஜிஸ்ட்ராரின் கழுத்தைப் பிடிக்கும், அவ்வளவுதான். டாட் டாப்பை நடத்தும் நிறுவனத்துக்கே 2024 ஜூலையில், ஃபிஷிங் புகார்களைச் சரியாகக் கையாளவில்லை என்று ஐகான் ஒப்பந்த மீறல் நோட்டீஸ் கொடுத்தது. ஆனால் அவதூறு, பொய்ச் செய்தி, உங்கள் படத்தைத் திருடிப் போட்டது போன்றவை இந்தக் கணக்கில் வராது. டாட் இன் போன்ற நாட்டு டொமைன்களும் ஐகானின் இந்த ஒப்பந்தத்துக்குள் இல்லை, டாட் இன்னுக்கு அதை நடத்தும் நிக்சிதான்.

இரண்டு நாள் கழித்து லுக்கப் பக்கத்தில் மறுபடி பாருங்கள். நிலை வரியில் 'கிளையன்ட் ஹோல்ட்' என்று வந்திருந்தால் ரெஜிஸ்ட்ரார் முடக்கிவிட்டார் என்று அர்த்தம். அடுத்த வாரம் ஓர் எழுத்து மட்டும் மாறி இன்னொரு டொமைனில் அதே பார்சல் வந்து நிற்கும். அனுப்பிய மின்னஞ்சலை அழிக்காதீர்கள். ரெஜிஸ்ட்ரார் யாரென்று மட்டும் மறுபடி பார்த்துவிட்டு, பெயர், நேரம், ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் மாற்றினால் அடுத்த புகாருக்கு ஐந்து நிமிடம்.