யூ வடிவக் குழாயை வைத்து வாயு அழுத்தத்தை அளப்பது எப்படி?

கண்ணுக்கே தெரியாத வாயு எவ்வளவு அழுத்தம் தருகிறது என்பதை ஒரு ஸ்கேலை வைத்து அளந்துவிடலாம். வளைந்த குழாய் ஒன்றும் கொஞ்சம் திரவமும் போதும். இந்த அமைப்புக்குத்தான் மானோமீட்டர் என்று பெயர். சூத்திரம் மனப்பாடமாகத் தெரிந்தவர்களும் எங்கே கூட்டுவது, எங்கே கழிப்பது என்று தடுமாறுவது உண்டு. ஒருமுறை கையால் செய்து பார்த்தவருக்கு அந்தத் தடுமாற்றம் வருவதில்லை.

தொடங்கும் முன் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மானோமீட்டர் ஒரு தராசு. ஒரு பக்கம் நம் வாயு அழுத்துகிறது, மறுபக்கம் வேறு ஏதோ ஒன்று அழுத்துகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் திரவம் காட்டும். அதனால் எந்த மானோமீட்டரைப் பார்த்தாலும் முதல் கேள்வி: மறுமுனையில் என்ன இருக்கிறது?

படி 1: குழாயைப் பொருத்துதல்

உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் சுமார் ஒன்றரை மீட்டர் எடுங்கள். உள்விட்டம் 6 முதல் 8 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. மிகவும் மெல்லிய குழாயில் நீர் சுவரைப் பிடித்துக்கொண்டு தானாகவே மேலேறும், அளவு தப்பாகிவிடும். குழாயை யூ வடிவில் வளைத்து, ஒரு பலகையில் நேராகக் கட்டி, நடுவில் ஸ்கேலை ஒட்டுங்கள். பலகை சாயக் கூடாது. சாய்ந்தாலும் நீர்மட்டம் கிடையாகவே நிற்கும், ஆனால் ஸ்கேல் சாய்ந்துவிடுமே!

படி 2: நீர் ஊற்றுதல்

நிறம் கலந்த நீரைப் பாதி உயரம் வரை மெதுவாக ஊற்றுங்கள். இடையில் காற்றுக் குமிழ் மாட்டியிருந்தால் குழாயை விரலால் தட்டி வெளியேற்றுங்கள். குமிழ் இருக்கும் இடத்தில் நீர் இல்லை, ஆனால் நீங்கள் அதையும் நீராகவே எண்ணி அளப்பீர்கள். இரு முனைகளும் திறந்திருக்கும்போது இரண்டு மட்டங்களும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் மேலே போகாதீர்கள், குமிழைத் தேடுங்கள்.

படி 3: அளத்தல்

ஊதிய பலூனின் வாயை ஒரு முனையில் இறுக்கமாக மாட்டுங்கள். அந்தப் பக்கம் நீர் இறங்கும், மறுபக்கம் ஏறும். ஒரு பக்கம் 12 செ.மீ. இறங்கி, மறுபக்கம் 12 செ.மீ. ஏறியது என்று வைத்துக்கொள்வோம். உயர வேறுபாடு 24 செ.மீ., 12 அல்ல. தொடங்கிய மட்டத்திலிருந்து அளக்காமல், ஒரு மட்டத்துக்கும் இன்னொரு மட்டத்துக்கும் இடையே அளங்கள்.

கண் நீர்மட்டத்துக்கு நேராக இருக்கட்டும். நீரின் மேற்பரப்பு ஓரத்தில் உயர்ந்து நடுவில் குழிந்திருக்கும், அந்தக் குழிவின் அடியைப் படியுங்கள். பாதரசம் இதற்கு நேர்மாறு, நடுவில் புடைத்து நிற்கும். அதில் உச்சியைப் படிக்க வேண்டும்.

படி 4: கணக்கு

அழுத்த வேறுபாடு = திரவத்தின் அடர்த்தி × புவியீர்ப்பு முடுக்கம் × உயர வேறுபாடு

நீரின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 1000 கிலோ, உயர வேறுபாடு 24 செ.மீ., அதாவது 0.24 மீட்டர்: 1000 × 9.8 × 0.24 = 2352 பாஸ்கல் (அழுத்தத்தின் அலகு). பலூனின் உள்ளழுத்தம் வெளிக்காற்றைவிட இவ்வளவு அதிகம். மறுமுனை காற்றுக்குத் திறந்திருப்பதால், முழு அழுத்தம் வேண்டுமென்றால் வளிமண்டல அழுத்தத்தைக் கூட்டுங்கள்: ஏறத்தாழ 1,01,325 + 2,352 = 1,03,677 பாஸ்கல். வாயு இருக்கும் பக்கம் நீர் இறங்காமல் ஏறினால், வாயுவின் அழுத்தம் காற்றைவிடக் குறைவு. அப்போது கழிக்க வேண்டும்.

குழாயின் அகலம் கணக்கில் எங்கேயும் இல்லை, கவனித்தீர்களா? அகலமான குழாயில் நீரின் எடை கூடும், அதைத் தாங்கும் பரப்பும் அதே அளவு கூடும். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது, எனவே உயரம் மட்டுமே மிஞ்சுகிறது.

இப்போது பலூனிலிருந்து கொஞ்சம் காற்றை விட்டுவிட்டு மறுபடி அளங்கள். வேறுபாடு குறையும் என்றுதான் தோன்றும், ஆனால் பெரும்பாலும் கூடும்! பலூன் சிறிதாகும்போது அதன் வளைவு கூடுகிறது, ரப்பரின் இழுவை உள்ளே இருக்கும் காற்றை இன்னும் அதிகமாக அழுத்துகிறது. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது.

அப்புறம் பாதரசம் எதற்கு?

நீரைவிட அது 13.6 மடங்கு அடர்த்தியானது. வளிமண்டல அழுத்தத்தைத் தாங்க 10 மீட்டருக்கும் உயரமான நீர் வேண்டும், பாதரசம் என்றால் 760 மில்லிமீட்டர் போதும். ஆனால் அதன் ஆவி நச்சு. வீட்டில் பாதரசத்தைத் தொடவே வேண்டாம். எரிவாயு சிலிண்டரையும் இந்தக் குழாயில் இணைக்காதீர்கள். நீர் முழுவதும் பீய்ச்சியடித்து, எரியும் வாயு அறை முழுக்கப் பரவும்.

பாடக் கணக்குகளில் மறுமுனை மூடிய மானோமீட்டரும் வரும். மூடிய பக்கத்தில் திரவத்துக்கு மேல் வெற்றிடம்தான், அதாவது அழுத்தம் பூஜ்யம். அங்கே கூட்டவும் கழிக்கவும் எதுவும் இல்லை. பாதரச மட்டங்களின் வேறுபாடு 300 மில்லிமீட்டர் என்றால் வாயுவின் முழு அழுத்தமே அதுதான், ஏறத்தாழ 40,000 பாஸ்கல்.