ஸ்டெல்லாரிஸ் கடைசியில் இழுக்கிறதா?

ஸ்டெல்லாரிஸ் என்ற விண்வெளிப் பேரரசு கட்டும் கம்ப்யூட்டர் கேம் போகப்போக மெதுவானால், புது ஆட்டம் தொடங்கும்போது அண்டத்தின் அளவு 600 நட்சத்திரம் என்று இருப்பதை 400க்கோ 200க்கோ இறக்குங்கள். குடியேறக்கூடிய கோள்களையும் 0.5 (அதாவது பாதி) ஆக்குங்கள். பழைய லப்டொப்பிலும் முடிவுவரை ஓடும்.

கதைப்படி 2200ஆம் ஆண்டில் பறந்துகொண்டு தொடங்கும் ஆட்டம்தான். ஆட்டத்துக்குள் 150 வருடம் போனபிறகு ஒரு மாதம் நகர்வதற்குள் ஒரு தேத்தண்ணி குடித்து முடித்துவிடலாம். கோள்களில் உள்ள மக்கள், அவர்களின் வேலை, ஒவ்வொரு கப்பலும் போகும் பாதை என்று எல்லாக் கணக்கும் ப்ராசசரின் தலையில்தான் விழுகிறது. கோள் குறைந்தால் கணக்கும் குறையும். ஆகவே யாழ்ப்பாணக் கடைகளில் கிராபிக்ஸ் கார்டுக்கு விலை கேட்கப் போகுமுன் இதைச் செய்து பாருங்கள், காசு மிச்சம். (சித்திரை வெயிலில் லப்டொப் கொதித்து வேகம் குறைவது வேறு கதை. பின்பக்கத்தை இரண்டு கொப்பி வைத்து உயர்த்தி விடுங்கள்.)

ஏற்கெனவே பாதியில் நிற்கும் ஆட்டத்துக்கு இது சரிவராது, இடையில் அளவை மாற்ற முடியாது. சண்டையைக் கிட்டப் பார்க்கும்போது மட்டும் படம் வெட்டி வெட்டி வந்தால் கிராபிக்ஸ் தரத்தைத்தான் குறைக்க வேண்டும்.