சென்னையில் குளிர்காலப் பறவைக் கணக்கெடுப்பு: சேருவதும் எண்ணுவதும்

ஜனவரியில் கணக்கெடுப்பதற்குக் காரணம் உண்டு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஏரிகளில் நீர் நிற்கும். வடக்கிலிருந்து வந்த வலசைப் பறவைகள் ஓரிடத்தில் தங்கியிருக்கும், திரும்பும் பயணம் இன்னும் தொடங்கியிருக்காது. அதனால் ஒரே பறவையை இன்று இங்கும் நாளை வேறு ஊரிலும் எண்ணிவிடும் குழப்பம் மற்ற மாதங்களைவிடக் குறைவு.

பொங்கலை ஒட்டி நான்கு நாள் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேர யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மொட்டை மாடி, தெருமுனைப் பூங்கா, கல்லூரி வளாகம், எங்கிருந்தும் எண்ணலாம். பிப்ரவரி நடுவில் நான்கு நாள் நடக்கும் கிரேட் பேக்யார்டு பேர்டு கவுண்ட்டும் அப்படித்தான். உலகம் முழுக்க நடக்கும் அதில் இந்தியா 2013 முதல் பங்கேற்கிறது. 1987இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஏரி, சதுப்பு, கழிமுகங்களுக்கானது. அதற்கு உள்ளூர் ஒருங்கிணைப்பாளரிடம் எந்த ஏரி உங்களுக்கு என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரே ஏரியில் இரண்டு குழு நிற்கும், பக்கத்து ஏரியில் ஆளே இருக்காது. வனத்துறை நடத்தும் கணக்கெடுப்புக்குப் பெயர் பதிந்து, ஒதுக்கிய குழுவோடுதான் போக வேண்டும்.

பார்த்த பறவைகளைப் பட்டியலாகப் பதிந்து அனுப்ப உதவும் இ-பேர்டு செயலியை டிசம்பரிலேயே செல்போனில் ஏற்றி, இந்தியப் பறவைப் பட்டியலையும் தரவிறக்கி வையுங்கள். ஏரிக்கரையில் சிக்னல் கிடைக்காமல் போகலாம். வீட்டு மாடியில் நான்கைந்து பட்டியல் போட்டுப் பழகிவிட்டால், கணக்கெடுப்பு நாளில் கண் திரையில் இருக்காது, பறவைமேல் இருக்கும்.

பைனாகுலர் 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ.) போதும். 10x42இல் உருவம் பெரிதாகத் தெரியும், ஆனால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், கேளம்பாக்கம் உப்பங்கழி போன்ற பரந்த இடங்களில் குழுவுக்கு ஒரு ஸ்பாட்டிங் ஸ்கோப், அதாவது முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி, இருந்தே ஆக வேண்டும். அது இல்லாமல் தொலைவில் நிற்கும் உள்ளான் போன்ற சிறு நீர்க்கரைப் பறவைகளைப் பெயர் சொல்லிப் பிரிக்க முயல்வது வீண். பென்சிலும் சின்ன நோட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கரையில் புல் மண்டிக் கிடக்கும், பாம்பு இருக்கும். செருப்பு வேண்டாம், மூடிய ஷூ போடுங்கள். தனியாகப் போகாதீர்கள்.

நேரமும் இடமும்

ஜனவரியில் சென்னையில் சூரியன் ஆறரையைத் தாண்டித்தான் உதிக்கிறது. ஆறேகாலுக்குக் கரையில் இருங்கள். ஒன்பதரைக்கு மேல் கானல் நெளியத் தொடங்கினால் ஸ்கோப்பில் எல்லாம் ஆடும். இந்த மாதத்தில் காலைச் சூரியன் தென்கிழக்கில் இருப்பதால், ஏரியின் கிழக்கு அல்லது தெற்குக் கரையில் நின்று வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு பாருங்கள். எதிர்க் கரையில் நின்றால் வாத்துகள் எல்லாம் கரிய நிழல்தான்.

அடையாறு கழிமுகத்துக்குப் போகும் முன் ஓத அட்டவணையை, அதாவது கடல்நீர் ஏறி வற்றும் நேரங்களை, பார்த்தாக வேண்டும். நீர் வற்றும்போது சேறு வெளிப்பட்டு உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் இரை தேட இறங்கும். நீர் ஏறியபின் போனால் அதே இடம் வெறிச்சோடிக் கிடக்கும்.

பண்டிகைக்கும் கணக்குக்கும் தொடர்பு உண்டு. போகிப் புகை சில ஆண்டுகள் காலை வெகுநேரம் கலையாமல் நிற்கும். அது மறுநாளும் நீடித்தால் எண்ணத் தொடங்குவதைத் தள்ளிப்போடுவதே மேல். காணும் பொங்கலன்று கடற்கரையிலும் பூங்காக்களிலும் கூட்டம் நிரம்பும். அந்த நாளை உள்ளடங்கிய ஏரிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணுவது

ஒரு பட்டியலுக்குக் குறைந்தது 15 நிமிடம். அந்த நேரத்தில் கண்ணால் கண்டு, காதால் கேட்டு, பெயர் தெரிந்த எல்லாப் பறவையும் அதில் இருக்க வேண்டும். காகம், மைனா, மாடப்புறா உட்பட. இதை எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும். பூநாரை வந்ததைப் பத்துப் பேர் படமெடுத்துப் பதிவு செய்வார்கள். உங்கள் தெருவின் மைனாக்களை எண்ண உங்களைத் தவிர ஆளில்லை. இன்று எண்ணாமல் விட்ட பறவை இருபது ஆண்டு கழித்துக் குறைந்திருந்தால், குறைந்தது என்று காட்ட நம்மிடம் எதுவும் இருக்காது. முழுப் பட்டியல் என்றால், அதில் இல்லாத பறவையும் ஒரு தகவல்தான்.

எண்ணுக்குப் பதில் எக்ஸ் குறி போடாதீர்கள். பறவை இருந்தது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. தோராயமான எண் எக்ஸ் குறியைவிட எவ்வளவோ மேல்.

கூட்டத்தை எண்ண, முதலில் ஓரத்தில் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதிய வையுங்கள். பிறகு அதே அளவில் பத்து, இருபது, முப்பது என்று நகருங்கள். ஐந்நூறைத் தாண்டும் கூட்டமானால் ஐம்பது ஐம்பதாக. இடமிருந்து வலம் ஒரு முறை, வலமிருந்து இடம் ஒரு முறை. இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இருந்தால் மூன்றாவது முறையும் எண்ணுங்கள். நெருக்கமாக நிற்கும் கூட்டத்தைப் புதியவர்கள் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள், பின்வரிசை முன்வரிசையில் மறைந்துவிடுவதால். மதிப்பீடு 350 என்றால் 350 என்றே எழுதுங்கள். 347 என்று எழுதுவது இல்லாத துல்லியத்தைக் காட்டும்.

ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் கலந்து மிதக்கும் கூட்டத்தில் மொத்தத்தை முதலில் எண்ணிவிடுங்கள். பிறகு மூன்று வெவ்வேறு இடங்களில் நூறு நூறு பறவைகளைப் பார்த்து, எந்த இனம் எத்தனை என்று விகிதம் எடுங்கள். ஒரே இடத்தில் எடுத்த விகிதம் ஏமாற்றும். ஓரினப் பறவைகள் ஒன்றாகச் சேர்ந்து கிடக்கும்.

நாணலுக்குள் இருப்பவை எளிதில் விட்டுப்போகும். சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்து வந்தால் மறைந்திருந்த வாத்துகள் மொத்தமாக எழும்பும். அப்போது பருந்தைப் பார்த்துக்கொண்டிருக்காமல் வாத்துகளை எண்ணுங்கள். முக்குளிப்பான் நீருக்குள் போய் வேறிடத்தில் எழும் என்பதால், ஒரே நேரத்தில் மேலே தெரிந்த அதிகபட்ச எண்ணையே எழுதுங்கள். மாலையில் கூடு திரும்பும் கொக்குகளுக்குத் தென்னை, மின்கம்பம் என ஒரு கோட்டை வைத்து, அதைத் தாண்டுபவற்றை மட்டும் நிமிடத்துக்கு இத்தனை என்று எண்ண வேண்டும்.

பெயர் குழம்பும் இடங்கள்

வெள்ளைக் கொக்குகளில்தான் அதிகத் தவறு நடக்கிறது. கருப்பு அலகு, கருப்புக் கால், மஞ்சள் பாதம் என்றால் சின்னக் கொக்கு. உண்ணிக்கொக்கு குளிர்காலத்தில் முழு வெள்ளையாகிவிடும். குட்டையான மஞ்சள் அலகைப் பாருங்கள். பெரிய கொக்கையும் அளவில் இடைப்பட்ட வெண்கொக்கையும் பிரிக்க, அலகின் பிளவிலிருந்து பின்னோக்கிப் போகும் வாய்க்கோடு உதவும்: பெரிய கொக்கில் அது கண்ணைத் தாண்டிப் பின்னால் ஓடும், மற்றதில் கண்ணுக்குக் கீழேயே முடியும். தெரியவில்லையா? ‘கொக்கு, இனம் தெரியவில்லை’ என்ற பொதுப் பதிவு செயலியில் இருக்கிறது, உள்ளான்களுக்கும் இருக்கிறது. ஊகித்துப் பெயர் போடுவதைவிட அது நேர்மையானது.

மெர்லின் செயலி குரல் கேட்டுச் சொல்லும் பெயர் ஒரு துப்பு மட்டுமே. நீங்களே கேட்டோ பார்த்தோ உறுதி செய்யாமல் பட்டியலில் சேர்க்காதீர்கள். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது கூடவே கூடாது. ஆந்தை அடையும் மரத்தையும் கூட்டையும் இடம் சுட்டிப் பகிராதீர்கள்.

பட்டியலை அனுப்புவது

இடம் மாறினால் புதிய பட்டியல் தொடங்குங்கள். பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் ஒரே பட்டியலில் கலந்தால் இரண்டுக்கும் பயனில்லை. குழுவாகப் போனால் ஒருவர் ஸ்கோப்பில் எண்ண, ஒருவர் எழுத, மற்றவர்கள் வானத்தையும் புதரையும் கவனிக்கட்டும். எழுதியவர் ஒரே பட்டியலை அனுப்பி மற்றவர்களுக்குப் பகிர வேண்டும். நான்கு பேர் தனித்தனியாக அனுப்பினால் நூறு வாத்து நானூறு ஆகிவிடும்.

இந்தப் பகுதிக்கு வழக்கமில்லாத இனமோ எண்ணோ போட்டால் செயலி குறிப்புக் கேட்கும். ‘நன்றாகப் பார்த்தேன்’ என்று எழுதினால் போதாது. அலகு, கால், சிறகுப் பட்டை, தொலைவு, எப்படி எண்ணினீர்கள் என்று எழுதுங்கள். மங்கலான படமாக இருந்தாலும் சேருங்கள். பின்னர் சரிபார்க்கும் தன்னார்வலர் விளக்கம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினால் பதில் சொல்லுங்கள். பெயரை மாற்ற வேண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள். அன்று இரவுக்குள் எல்லாப் பட்டியலையும் அனுப்பிவிடுவது நல்லது, இரண்டு நாள் கழிந்தால் நோட்டில் கிறுக்கிய சுருக்கங்கள் எழுதியவருக்கே புரியாது.