பாகங்களைப் பூட்டும் முன்பே வார்னிஷ் அடிப்பது எப்படி

அலமாரியை முழுதாகப் பூட்டிவிட்டு வார்னிஷ் அடித்தால் உள்மூலைகளில்தான் வேலை கெடும். பிரஷ் மூலையில் முட்டும், வார்னிஷ் தேங்கி வழியும், தேய்க்க உப்புத்தாளும் நுழையாது. பாகங்களாக இருக்கும்போதே படுக்கவைத்துப் பூசிவிடுங்கள்.

முதலில் பசையில்லாமல் எல்லாவற்றையும் ஒருமுறை பூட்டிப் பார்த்து, இறுக்கமான கழுந்துகளை (துளைக்குள் நுழையும் நாக்குகளை) இப்போதே சீவிவிட வேண்டும். பாகங்களின் எண்ணைக் கழுந்தின் மேலேயே எழுதுங்கள். அங்கே பூச்சு படாது. ஒரு பாகம் இன்னொன்றின் மேல் உட்காரும் இடத்தைப் பென்சிலால் லேசாகக் கோடிட்டுக் கழற்றுங்கள். பிறகு 120, 180, 220 என்ற வரிசையில் உப்புத்தாளால், மர ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்கள். இணையும் முகங்களைத் தொடவே கூடாது. அங்கே விளிம்பு மழுங்கினால் மூட்டில் சந்து தெரியும்.

மரப்பசை மரத்துக்குள் இறங்கினால்தான் பிடிக்கும். வார்னிஷ் மேல் ஒட்டிய பசை வார்னிஷைத்தான் பிடித்திருக்கும், ஆட்டம் கொடுத்ததும் விட்டுவிடும். அதனால் கழுந்தையும் அதன் தோளையும் (கழுந்தைச் சுற்றியுள்ள படியையும்) மாஸ்கிங் டேப்பால் மூடி, துளைகளில் காகிதத்தைச் சுருட்டி அடையுங்கள். கோடிட்ட இடத்தில் டேப்பைக் கோட்டுக்கு 1 மி.மீ. உள்ளே தள்ளி ஒட்டினால், பூச்சின் ஓரம் மூட்டுக்குள் மறைந்துவிடும். கடைசிப் பூச்சு தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்ததுமே டேப்பை உரித்துவிடுங்கள். முழுக்க இறுகியபின் இழுத்தால் படலமும் சேர்ந்து கிழியும்.

கதவுச் சட்டத்தின் காடிக்குள் (நீளப் பள்ளத்துக்குள்) நிற்கும் பேனலை, அதாவது நடுப்பலகையை மட்டும் முன்கூட்டிப் பூசாமல் விடவே கூடாது. பேனலுக்குப் பசை கிடையாது. வறண்ட காலத்தில் சுருங்கும்போது காடிக்குள் இருந்த ஓரம் வெளியே வரும். பூட்டியபின் பூசியிருந்தால் அங்கே வெறும் மரம் ஒரு வெளிர்கோடாகத் தெரியும். இரு முகங்களுக்கும் ஒரே எண்ணிக்கையில் பூச்சு கொடுங்கள், இல்லையென்றால் பலகை வளையலாம். ஓரத்தில் பூச்சு தடித்து, பேனல் காடிக்குள் இறுகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூட்டியபின் இழைத்துச் சமன்செய்ய வேண்டிய முகங்களை, உதாரணமாக இழுப்பறையின் வெளிப்பக்க மூலைகளை, இப்போது பூச வேண்டாம். உட்புறம் மட்டும் போதும்.

பாலியூரித்தேன் வகை வார்னிஷ் மறுநாள் காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே மெத்தென்றுதான் இருக்கும். கிளாம்ப் போட்டால் தடம் பதியும். சில நாள் விட்டு, கிளாம்பின் தாடைக்கு அடியில் மெழுகுத்தாளும் மரத்துண்டும் வைத்து இறுக்குங்கள். பிதுங்கும் பசையைத் துடைக்க அவசரம் வேண்டாம். ரப்பர் பதத்துக்கு வந்ததும் மழுங்கிய மரக்குச்சியால் நெம்பினால், பூசிய முகத்திலிருந்து நாடாவாக உரிந்துவிடும்.

ஆளிவிதை எண்ணெய் பூசுபவர்கள் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியில் விரித்துக் காயவிடுங்கள்.