டிபி ஜீன் தேடறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம், டிபி வர்றதுல பங்கு இருக்குற ஜீன தேடிட்டு இருக்குற ஒரு பொண்ணு லேப்டாப்ப திறந்தபடியே தூக்கிட்டு ஓடி வந்துச்சு, "சார், பி வேல்யூ 0.003!" அதாவது நிஜத்துல வித்தியாசமே இல்லன்னாலும் சும்மாவே இவ்வளவு வித்தியாசம் தெரிய வாய்ப்பு ஆயிரத்துல மூணுதான். கன்ட்ரோல், அதாவது நோயாளிகளோட ஒப்பிட எடுத்த நோய் இல்லாதவங்க, யாரும்மான்னு கேட்டேன். "ஹாஸ்டல் ஃப்ரெண்ட்ஸ் சார்." தலையில கை வச்சுக்கிட்டேன், ஏன்னா நானும் ஒரு காலத்துல இதையேதான் பண்ணேன். பைப்பெட் பிடிக்கிறது, டியூப்ல நம்பர் எழுதறதெல்லாம் சீனியர்ஸ் சொல்லிக் குடுப்பாங்க, நான் சொல்லல.

கன்ட்ரோல் எங்கேர்ந்து வந்தாங்க?

என் கேஸ், அதாவது நோயாளிங்க, எல்லாம் ஒரு மாவட்டத்து டிபி ஓபில எடுத்தேன், கன்ட்ரோலுக்கு பக்கத்துல கெடச்ச காலேஜ் பசங்க, ஆளுக்கு ஒரு டீ ரெண்டு பிஸ்கட், வேல முடிஞ்சுது. கிருமிய அடையாளம் காண உதவுற டிஎல்ஆர் ஜீன்ல ஒரு ஸ்னிப் (ஆளுக்கு ஆள் மாறுற ஒரு டிஎன்ஏ எழுத்து) 'வித்தியாசம்' காட்டுச்சு. ஆனா நம்ம ஊர்ல தலைமுறை தலைமுறையா சாதிக்குள்ளயே பொண்ணு எடுத்துக் குடுத்ததுல அந்த ஸ்னிப் எத்தன பேர்ட்ட இருக்குங்கறதே கூட்டத்துக்குக் கூட்டம் மாறும், அப்ப நான் பார்த்தது டிபியவா இல்ல ரெண்டு பக்கமும் வேற வேற ஆளுங்கங்கறதயா? பேப்பர பரிசீலிச்ச ரிவ்யூவர் இத ஒரே வரில கேட்டாரு, எங்கிட்ட பதில் இல்ல. ரெண்டு வருஷ கிட் காசு போச்சு, அந்த சாம்பிள் ராக் இன்னும் ஃப்ரீசர் அடித்தட்டுல ஐஸ் மூடிக் கிடக்கு.

இதே தப்புக்கு இன்னொரு உதாரணம்: அமெரிக்காவுல அரிசோனா பிமா பழங்குடி மக்கள்ல ஒரு ஜிஎம் ஹாப்லோடைப் (சேர்ந்தே வர்ற ஜீன் மாற்றங்களோட தொகுப்பு) சுகர் வராம காக்குற மாதிரி தெரிஞ்சுது, அப்புறம் பார்த்தா அது ஐரோப்பிய ரத்தம் எவ்வளவு கலந்திருக்குன்னுதான் காட்டிட்டு இருந்திருக்கு. இது 1988லயே வந்த பேப்பர், படிச்சிருந்தா தப்பிச்சிருப்பேன்.

இன்னொண்ணு, 19 வயசுப் பையன் கிருமியவே இன்னும் பார்க்கலன்னா அவன எப்படி 'எதிர்ப்பு உள்ளவன்'னு எழுதுவீங்க? நோயாளியோட அதே வீட்டுல இருந்தும் நோய் வராத, ரத்த சொந்தம் இல்லாதவங்கள தேடுங்க. பொண்டாட்டிய எடுக்கலாம்னா அவங்களே அத்தை பொண்ணா இருப்பாங்க, கேட்டு எழுதிக்கங்க.

0.05

பி வேல்யூ 0.05க்கு கீழ இருந்தாலே போதும்னு 20 ஸ்னிப் பார்த்தா, சராசரியா ஒண்ணு சும்மாவே தேறும்.

வெள்ளைக்காரன் லிஸ்ட்ட அப்படியே எடுக்கறது

க்ரோன்ஸ்ங்கற குடல் அழற்சி நோய்க்கு 2001ல ஐரோப்பியர்கள்ட்ட நாட்2ங்கற ஜீன்ல கண்டுபிடிச்ச மூணு மாற்றமும் நம்மகிட்ட ரொம்ப அபூர்வம், ஜப்பான்லயும் அதே கதைதான். அந்த மூணுக்கு மட்டும் பிரைமர் (அந்த இடத்த டெஸ்ட் பண்ற சின்ன டிஎன்ஏ துண்டு) வாங்கி, நெகட்டிவ் வந்ததும் "மரபணு காரணம் இல்லை"ன்னு தீசிஸ்ல எழுதினவங்கள பார்த்திருக்கேன்.

பிளேட்

சாம்பிள் ஊத்தி டெஸ்ட் பண்ற தட்டுல கேஸ் ஒரு பிளேட்ல, கன்ட்ரோல் இன்னொரு பிளேட்ல போடாதீங்க, பிளேட்டுக்கு பிளேட் வர்ற வித்தியாசம் நோயோட வித்தியாசம் மாதிரி தெரியும். கலந்து போடுங்க.