பழைய ராணுவத் துப்பாக்கியை வாங்கலாமா? மதிப்பிடும் முறை

சென்னையில் பழைய ராணுவத் துப்பாக்கி ஒன்று விலைக்கு வருகிறது என்றால், அது பெரும்பாலும் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரின் வாரிசுகளிடமிருந்தோ, ஜமீன் குடும்பம் ஒன்றின் பரணிலிருந்தோ, உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியின் கடையில் கேட்பாரற்றுக் கிடந்த சரக்கிலிருந்தோ வருகிறது. எங்கிருந்து வந்தாலும் முதலில் கேட்க வேண்டியது அதன் காகிதங்களைத்தான். சுடக்கூடிய நிலையில் உள்ள எந்தத் துப்பாக்கிக்கும், குழல் வாய்வழியே மருந்து கெட்டிக்கும் பழைய வகையாகவே இருந்தாலும், 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். சென்னை மாநகருக்குள் அதை வழங்கும் அதிகாரம் மாநகரக் காவல் ஆணையருக்கு உண்டு. ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம் என்றிருந்த வரம்பு 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இரண்டாகக் குறைந்துவிட்டதால், ஏற்கெனவே இரண்டு வைத்திருப்பவருக்கு இந்தப் பேச்சே தேவையில்லை.

சேகரிப்பவர்கள் அதிகம் ஆசைப்படுவது, உலகப் போர்களில் பிரிட்டிஷ் இந்தியப் படை பயன்படுத்திய .303 லீ என்ஃபீல்டு ரைஃபிளுக்கு. ஆனால் .303 (அங்குலம்), 7.62 (மி.மீ.) ஆகிய விட்ட அளவுள்ள படைத்துறைத் தோட்டாக்களைச் சுடும் ரைஃபிள்கள் தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்தவை. அவற்றை உரிய அனுமதியின்றி வைத்திருந்தால் 7 முதல் 14 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை கிடைக்கும். இஷாப்பூர் தொழிற்சாலையின் .315 ரைஃபிள் அதே குடும்பத்துச் சாயலில் இருப்பதால், அதை 'மிலிட்டரி ரைஃபிள்' என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. அது பொதுமக்களுக்கென்றே தயாரான வேட்டைத் துப்பாக்கி என்பதால் ராணுவப் பொருளுக்கான விலையை அதற்குக் கொடுக்க வேண்டியதில்லை. ஆக, சாதாரண உரிமத்தோடு நாம் யோசிக்கத் தகுந்தவை 19ஆம் நூற்றாண்டுத் துப்பாக்கிகள்தான்: 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு, அதிலிருந்து பிறந்த ஸ்னைடர், 1871இல் பிரிட்டிஷ் படை ஏற்றுக்கொண்ட மார்ட்டினி ஹென்றி.

"இது ஆன்டிக் சார், லைசென்ஸ் தேவையில்லை" என்ற வாக்கியத்தை நம்பி முன்பணம் கொடுக்கக் கூடாது. பழுது பார்த்தாலும் சுட இயலாத தொன்மையான ஆயுதங்களுக்குச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்கு அளிப்பது உண்மைதான். வயது மட்டுமே அந்த விலக்கைப் பெற்றுத் தராது. விலக்கு பொருந்தும் என்று எழுத்துமூலம் தெளிவு பெறாமல் வாங்குவது மடியில் நெருப்பைக் கட்டிக்கொள்வதற்குச் சமம். முறையாக இருந்த துப்பாக்கிக்கு வேறொரு தடயமும் இருக்கும்: தேர்தல் காலங்களில் காவல் நிலையத்திலோ வியாபாரியிடமோ ஒப்படைத்து வாங்கிய பழைய ரசீதுகள். உரிமத்தில் எழுதியுள்ள எண்ணும் உலோகத்தில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்பதை நீங்களே எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

பொருளைக் கையில் எடுத்ததும், உள்ளே மருந்து இருப்பதாகவே எண்ணிக்கொள்ள வேண்டும். வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிகளில் முன்னோர் கெட்டித்த மருந்து எடுக்கப்படாமலே தங்கிவிடுவதுண்டு. மெல்லிய மரக்குச்சி ஒன்றைக் குழலுக்குள் அடிவரை மெதுவாக இறக்கி, வாய் விளிம்புக்கு நேராகக் குச்சியில் கோடு போட்டு, வெளியே எடுத்துக் குழலின் மேல் அதே அளவுக்கு வைத்துப் பாருங்கள். குச்சியின் நுனி, குழலின் பின்முனையில் வெடித்தொப்பி பொருத்தும் சிறு முனையான நிப்பிளை எட்டாமல் ஓர் அங்குலமோ இரண்டு அங்குலமோ முன்னாலேயே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. அதை எடுப்பது துப்பாக்கி பழுதுபார்ப்பவரின் வேலை. இதைச் செய்யும்போது குழல் வாய்க்கு நேரே முகத்தையோ கையையோ கொண்டுபோகக் கூடாது.

அடுத்து முத்திரைகள். மார்ட்டினியின் வலப்பக்க உலோகத்தில் கிரீடம், விக்டோரியா அரசியைக் குறிக்கும் 'வி.ஆர்.' எழுத்துகள், தயாரித்த இடம், ஆண்டு ஆகியவை வரிசையாக இருக்கும். அரசி மறைந்தது 1901 ஜனவரியில்; ஆகவே கிரீடத்தின் கீழே அவருடைய எழுத்துகளும் அதற்குக் கீழே 1908 போன்ற ஓர் ஆண்டும் இருந்தால், அது கைபர் கணவாய்ப் பக்கத்துக் கொல்லர் பட்டறையில் பிறந்த நகல் என்று கொள்ளலாம். அந்த நகல்களில் என்ஃபீல்டு என்ற ஆங்கிலப் பெயரில் 'என்' எழுத்து இடவலமாகத் திரும்பியிருப்பதும், எழுத்துகள் ஒரே கோட்டில் நில்லாமல் ஏறி இறங்கியிருப்பதும் வழக்கம். அவற்றின் கைவேலைக்கென்று ஒரு மதிப்பு உண்டு, விலைதான் வேறு.

குழலின் உட்புறத்தைப் பார்க்க, மார்ட்டினியின் அடியிலுள்ள நெம்புகோலை இறக்கித் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று உறுதி செய்தபின், பின்புறத் திறப்பில் வெள்ளைக் காகிதம் ஒன்றை வைத்து, டார்ச் ஒளியில் வாய்ப்பக்கமிருந்து நோக்கலாம். ஏழு சுருள் பள்ளங்களின் விளிம்புகள் கூர்மையாகத் தெரிந்தால் நல்லது. குறுக்கே கறுப்பு வளையம் தெரிந்தால் குழல் உள்ளிருந்து உப்பியிருக்கலாம். வெளியே விரலை ஓட்டினால் மேடு தட்டுப்படும். 1853 மாதிரியில் பள்ளமே இல்லாத வழவழப்பான குழலைக் கண்டு போலி என்று முடிவு கட்ட வேண்டாம். 1857 எழுச்சிக்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கு அப்படிப்பட்ட குழல்களே வழங்கப்பட்டன.

சென்னையின் உப்புக் காற்று செய்யும் கேடு கண்ணில் படாத இடத்தில்தான் இருக்கும். மரக்கட்டைக்கும் குழலுக்கும் இடையே தங்கும் ஈரம், வெளியே மாசற்றுத் தோன்றும் இரும்பை அடிப்புறமாக அரித்துவிடும். விற்பவர் முன்னிலையில் குழலைக் கட்டையிலிருந்து கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அங்கே ஆழமான துரு இருக்கிறது என்று கருதியே விலை பேசலாம். மரத்தில் கைப்பிடிக் கழுத்தருகே விரிசலும், உட்குடைவில் கரையான் தடமும் பார்க்க வேண்டும். பிரெஞ்ச் பாலிஷ் போட்டுப் பளபளக்கும் கட்டையைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும்: உப்புத்தாளால் தேய்த்திருந்தால் மரம் தாழ்ந்து உலோக விளிம்பு நகத்தில் இடறும், மரத்தில் குத்தியிருந்த படை முத்திரைகளும் மங்கியிருக்கும். கறுத்து அழுக்கேறி, முத்திரைகள் தெளிவாக உள்ள துப்பாக்கிக்கே நான் கூடுதலாகக் கொடுப்பேன். நிப்பிள் இல்லையென்றால் மாற்றிக்கொள்ளலாம். குறிபார்க்க உதவும் அசல் பின்புற சைட் இல்லையென்றால் ஈடு கிடைப்பது கடினம் என்பதால் அதற்கேற்ப விலையைக் குறைக்க வேண்டும்.

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும் கோட்டை அருங்காட்சியகத்திலும் உள்ள ஆயுதங்களைப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொண்டு பேரத்துக்குப் போவது நல்லது. இரண்டுக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. முழுத்தொகையை, உங்கள் உரிமத்தில் அந்தத் துப்பாக்கி பதிவாகும் நாளில் கொடுங்கள். வெளிநாட்டிலுள்ள மகனுக்கோ மகளுக்கோ அனுப்பும் எண்ணத்தோடு வாங்குவோர், 100 ஆண்டு கடந்த கலைப்பொருள்களைத் தனியார் நாட்டை விட்டு வெளியே அனுப்ப 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடைசெய்கிறது என்பதையும் பேரம் தொடங்குமுன்னரே கணக்கில் கொள்ள வேண்டும்.